யுத்த காலத்துல ஒரு விஞ்ஞானிக்கு தினமும் வந்த தபால், இதை ஸ்கூல் எக்ஸிபிஷன்ல எப்படி காட்டுறது?

வைகைக்கரை_கயல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரை, பிசிக்ஸ் டீச்சர், திருமங்கலம் தாண்டி ஒரு ஸ்கூல்ல பிளஸ் ஒன் பிளஸ் டூ எடுக்கிறேன். எக்ஸிபிஷன் வருது. வருஷா வருஷம் அதே எரிமலை, அதே மழைநீர் சேகரிப்பு, அதே தெர்மோகோல் ராக்கெட், பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சு, அதனால இந்த தடவை "ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஒரு விஞ்ஞானியோட மேஜை"ன்னு ஒரு ஸ்டால் போடலாம்னு ஹெச்.எம். கிட்ட சொல்லி ஓகே வாங்கிட்டேன்.

ஆளு லைனஸ் பாலிங். கலிஃபோர்னியால கால்டெக்ல கெமிஸ்ட்ரி துறைத் தலைவரா இருந்தவர், 1954ல கெமிஸ்ட்ரி நோபல், அப்புறம் 1962க்கான சமாதான நோபல். அவரோட பேப்பர்ஸ் எல்லாம் ஓரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில இருக்கு. வந்த லெட்டரோட சேர்த்து இவர் அனுப்புனதோட கார்பன் காப்பியும் பத்திரமா வச்சிருக்காங்க, எந்த தேதில யார் கிட்ட இருந்து என்ன வந்துச்சு, இவர் யாருக்கு என்ன எழுதுனார்னு நாள் வாரியாவே நெட்ல பார்க்கலாம்.

நான் ரேடார், அணுகுண்டு, ரகசிய மீட்டிங்னு பரபரன்னு இருக்கும்னு எதிர்பார்த்துப் போனேன். அங்க பார்த்தா சாமான் எப்ப வரும்னு ஒரு லெட்டர், ஒரு ஸ்டூடண்ட்டை பட்டாளத்துக்கு இழுத்துறாதீங்கன்னு ஒரு லெட்டர், கிராண்ட் பணம் பத்தி ஒண்ணு, உங்க ஆராய்ச்சிக் கட்டுரையோட ரீபிரிண்ட் (அச்சடிச்ச நகல்) ஒண்ணு அனுப்புங்கன்னு யாரோ கேட்டது, லெக்சர் குடுக்க வர முடியாதுன்னு பதில், திரும்ப சாமான். இப்படியே வருஷக்கணக்கா. நடுவுல எங்கயாவது சண்டை நடக்குதான்னே சந்தேகம் வந்துருச்சு. இதை பசங்க முன்னாடி வச்சா ரெண்டு நிமிஷத்துல பக்கத்து ஸ்டால்ல பாப்கார்ன் வாங்கப் போயிருவாய்ங்க.

இதுல இருந்து எதை எடுக்கிறது, எப்படி காட்டுறது? அப்படியே நம்ம ஊர் பக்கம் இதே மாதிரி ஏதாவது இருந்தா அதையும் சொல்லுங்க, வெள்ளைக்காரர் கதை மட்டும் சொல்லிட்டு வர எனக்கு இஷ்டமில்ல.

—

நத்தம்ரோடு_நக்கல்:

டீச்சர், கோவிச்சுக்காதீங்க, நீங்க பார்த்தது மளிகைக் கடை சிட்டை மாதிரி தான், அதுல போய் சரித்திரத்தை தேடுனா எப்படி. பெரிய முடிவெல்லாம் எவன் லெட்டர்ல எழுதுவான், அதுவும் யுத்த நேரத்துல? ரயில் ஏறி வாஷிங்டன் போவாய்ங்க, ரூம் கதவைச் சாத்திட்டுப் பேசுவாய்ங்க, முடிச்சுட்டு வந்துருவாய்ங்க. பேப்பர்ல மிச்சம் நிக்கிறது பூரா பியூன் வேலை. அணுகுண்டு செஞ்ச மான்ஹாட்டன் பிராஜெக்ட் எடுங்க, அந்த வேலை நடந்த லாஸ் அலமோஸ், அங்க தலைவரா இருந்த ஓப்பன்ஹைமர், கூட்டம் அள்ளும். இதே பாலிங்கை கூட ஓப்பன்ஹைமர் அங்க கெமிஸ்ட்ரி பிரிவுக்கு தலைமை ஏத்துக்க கூப்பிட்டார்ல, இவர் போகலை. போயிருந்தா உங்க ஸ்டாலுக்கு ஒரு கதையாவது தேறியிருக்கும் :)

—

செல்லூர்_ரசாயனம்:

நக்கல் தம்பி, அந்த "சாமான் எப்ப வரும்" லெட்டருக்குப் பின்னாடி என்ன சாமான்னு பார்த்தா இப்படிப் பேச மாட்டீங்க. கயல் டீச்சர், உங்க ஸ்டாலோட நடு மேஜை இது தான், நான் கெமிஸ்ட்ரி எடுக்கிற ஆளு, கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

1940 அக்டோபர் 3ஆம் தேதி வாஷிங்டன்ல ஒரு கூட்டம், அமெரிக்கா இன்னும் சண்டைக்குள்ளயே வரலை, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. ராணுவத்துக்காரங்க விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு எங்களுக்கு இன்னின்ன வேணும்னு ஒரு லிஸ்ட் சொல்றாங்க, அதுல ஒண்ணு, நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள காத்துல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பார்த்த உடனே சொல்ற கருவி. ஆக்சிஜன் குறைஞ்சா உள்ள இருக்கிறவனுக்கு கண்ணைச் சொருகும், அது அவனுக்கே தெரியாது, கூடிப் போச்சுன்னா தீப்பிடிக்கிற ஆபத்து. அதுவரைக்கும் கேஸை எடுத்து ரசாயனத்துல கரைச்சு அளக்கணும், கப்பல்ல உக்காந்து எவன் அதைப் பண்றது.

பாலிங் பிடிச்ச நூல் என்னன்னா ஆக்சிஜன் காந்தத்துக்கு இழுபடும். நம்ம பிளஸ் ஒன் புக்லயே இருக்கு பாருங்க, மூலக்கூறு ஆர்பிட்டல் வரைஞ்சு ஆக்சிஜன்ல ரெண்டு எலக்ட்ரான் ஜோடி இல்லாம தனியா நிக்குது, அதனால பாராகாந்தம்னு, ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துருவோமே, அதே தான். காத்துல இருக்கிற மத்த கேஸ் எதுவும் அந்த அளவுக்கு இழுபடாது. அதனால அவர் கண்ணாடில ரெண்டு குட்டி உருண்டை ஊதி, நடுவுல ஒரு தண்டால சேர்த்து, டம்பெல் வடிவத்துல, அதை மயிரிழைக்கும் மெல்லிசான குவார்ட்ஸ் இழைல கட்டி காந்தத்து முனைக்கு நடுவுல தொங்க விட்டார். சுத்தி இருக்கிற காத்துல ஆக்சிஜன் கூடுச்சுன்னா அது காந்தப்புலம் பலமா இருக்கிற இடத்துக்கு முண்டியடிச்சுப் போகும், கண்ணாடி உருண்டை வெளிப்பக்கம் தள்ளப்படும், இழை லேசா முறுக்கிக்கும். இழைல ஒரு சின்ன முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கும், அதுல பட்டுத் திரும்புற வெளிச்சப் புள்ளி ஸ்கேல்ல நகரும். அவ்வளவு தான், நம்பரைப் படிச்சுக்கலாம். கூட வேலை பார்த்தவங்க ஹோம்ஸ் ஸ்டர்டிவன்ட், ரூபன் வுட். அப்புறம் ஆர்னால்டு பெக்மேன் கையில குடுத்து நூத்துக்கணக்குல செஞ்சாங்க, யுத்தம் முடிஞ்சதும் குறைமாசத்துல பிறந்த குழந்தைங்க இருக்கிற இன்குபேட்டருக்கு அதே கருவி போச்சு.

இப்ப யோசிங்க, அந்த குட்டி உருண்டைய எவன் ஊதுறது, அந்த இழைய எவன் இழுக்கிறது? அதுக்கு கைப்பழக்கம் உள்ள ஆளு வேணும், அந்த ஆளுக்கு பட்டாள வயசு. அதனால தான் "இந்தப் பையனை எடுத்துட்டுப் போயிராதீங்க"ன்னு டிராஃப்ட் போர்டுக்கு, அதாவது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற கமிட்டிக்கு, லெட்டர். அங்க 1940ல கட்டாய ராணுவச் சேர்க்கை சட்டம் வந்துருச்சு, முக்கியமான வேலைல இருக்கிறான்னு நிரூபிச்சா ஒத்திவைப்பு கிடைக்கும், ஆனா வேலை ரகசியம், என்ன வேலைன்னு போர்டுகிட்ட விளக்கமாச் சொல்லக்கூடாது. என்ன பண்றான்னு சொல்லாம அவன் ரொம்ப முக்கியம்னு எழுதணும். பசங்க கிட்ட இதையே எக்ஸர்சைஸா குடுங்க டீச்சர், திணறிருவாய்ங்க.

—

நத்தம்ரோடு_நக்கல்:

சரி ரசாயனம் சார், ஒத்துக்கிறேன், டம்பெல் மேட்டர் கெத்து தான். ஆனா ஜெயிச்சதை மட்டும் சொல்றீங்களே, அவர் விட்ட ராங்கு ஷாட்டும் இருக்கும்ல?

—

செல்லூர்_ரசாயனம்:

இருக்கே. ரத்தத்துக்குப் பதிலா ஏத்துறதுக்குன்னு ஜெலட்டினை கிளையாக்சால், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் போட்டு மாத்தி ஆக்சிபாலிஜெலட்டின்னு ஒண்ணு செஞ்சாங்க. டான் கேம்ப்பெல், ஜோசஃப் கோஃப்லி எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கா உழைச்சாங்க, யுத்தம் முடியிற வரைக்கும் களத்துல அது பெருசா எடுபடலை. இன்னொண்ணு 1942ல, ஆன்டிபாடிய டெஸ்ட் டியூப்லயே செஞ்சுட்டோம்னு அவரும் கேம்ப்பெல்லும் பேப்பர் போட்டாங்க, அது நிக்கவே இல்ல, மத்தவங்க செஞ்சு பார்த்தா வரலை. இதுக்கெல்லாம் பணம் குடுத்தவங்களுக்கு பதில் சொல்லி எழுதணும்ல, ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன்ல வாரன் வீவர்னு ஒருத்தர், பாலிங்குக்கு கிராண்ட் விஷயத்துல முக்கியமான ஆளு, அந்த மாதிரி கடிதப் போக்குவரத்துல தான் ஒரு விஞ்ஞானி எதுல உறுதியா இருக்கார் எதுல இழுக்கிறார்னு தெரியும், பப்ளிஷ் ஆன பேப்பர்ல தெரியாது.

இத்தனைக்கும் மனுஷனுக்கு 1941ல கிட்னி வியாதி, பிரைட்ஸ் டிசீஸ்னு கண்டுபிடிச்சு, ஸ்டான்ஃபோர்டுல தாமஸ் ஆடிஸ்னு டாக்டர் புரோட்டீனைக் குறைச்சு உப்பில்லாம பத்தியம் போட்டு விட்டார், அதோட தான் இவ்வளவும்.

—

தன்பதிவேடு_தாத்தா:

அம்மா கயல், நான் சர்க்கார் ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்து சூப்பிரண்டா ரிட்டயர்டு ஆனவன். விஞ்ஞானம் எனக்கு சுத்தமா தெரியாது, தபால் தெரியும். நீ சலிப்பா இருக்குன்னு சொன்ன விஷயத்தை எப்படி வாசிக்கிறதுன்னு சொல்றேன், பிடிச்சா எடுத்துக்க.

ஒரு ஃபைலை எடுத்தா முதல்ல விஷயத்தைப் படிக்காதே, தேதியைப் படி. வந்த தேதி, பதில் போன தேதி, நடுவுல எத்தனை நாள். அன்னைக்கே பதில் போச்சுன்னா அது அவருக்கு உசிரு போற காரியம், இல்லாட்டி எழுதுனவன் பெரிய ஆளு. மாசக்கணக்கா கெடந்தா ஒண்ணு அவருக்கு இஷ்டமில்ல, இல்லாட்டி அவர் கையில முடிவு இல்ல, மேல எவனையோ கேட்டுக்கிட்டு இருக்கார்னு அர்த்தம். அடுத்தது நினைவூட்டு. ஒரே காரியத்துக்கு நினைவூட்டு ஒண்ணு ரெண்டுன்னு போயிருக்கான்னு பாரு, எங்க முட்டி நிக்குதுன்னு தெரிஞ்சுரும். மூணாவது, யார் யாருக்கு நகல். நகல் போற லிஸ்ட்ல திடீர்னு ஒரு பேரு சேரும், இல்லாட்டி ஒரு பேரு காணாமப் போகும், ஆபீஸ்ல இருந்தவனுக்குத் தான் தெரியும் அதுல எவ்வளவு சண்டை ஒளிஞ்சிருக்கும்னு.

அப்புறம் ஆபீஸ் கடிதம் வேற, நேர்முகக் கடிதம் வேற. டி.ஓ.ன்னு சொல்வோம். ஆபீஸ் கடிதத்துல "பார்வையில் காணும் கடிதத்தின்பால்"னு விறைப்பா இருக்கும், அதே ஆளு டி.ஓ. எழுதும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டு கடைசில வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு முடிப்பார், உண்மையான காரியம் அந்த டி.ஓ.லதான் நடக்கும். உங்க பாலிங் லெட்டர்லயும் யாருக்கு எந்த தொனில எழுதுறார்னு ரெண்டு மூணை பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டு.

கடைசியா இணைப்பு. "இணைப்பு: ஒன்று"ன்னு இருக்கும், இணைப்பைத் தேடுனா இருக்காது. ரகசிய அறிக்கைன்னா அது தனி உறைல தனி வழில போயிரும், சாதா ஃபைல்ல கவரிங் லெட்டர் மட்டும் நிக்கும். நக்கல் தம்பி சொன்ன மாதிரி பெரிய விஷயம் பேப்பர்ல இல்லாம இருக்கலாம்ப்பா, ஆனா அது வெளியே போன வாசல் எதுன்னு பேப்பர் காட்டிக் குடுத்துரும்.

—

வைகைக்கரை_கயல்:

தாத்தா, நீங்க சொன்னபடி தேதி வச்சுப் பார்க்க ஆரம்பிச்சேன், இப்ப வேற மாதிரி தெரியுது, தூக்கமே வரலை. ரசாயனம் சார், டம்பெல் மாடல் பண்ணலாம்னு பசங்க குதிக்கிறாங்க, அதைப் பத்தி தனியா கேக்கிறேன். நம்ம பக்கத்துக் கதை யாராவது?

—

கொடைரோடு:

லேட்டா வர்றேன். டீச்சர், நம்ம பக்கத்துலயே கையில வெண்ணெய வச்சுக்கிட்டு கேக்கிறீங்களே. கொடைக்கானல் சோலார் அப்சர்வேட்டரி, அப்ப அது மதுரை ஜில்லா தான், 1985ல தானே திண்டுக்கல் பிரிஞ்சது. 1899ல இருந்து ஓடுது, 1900கள் ஆரம்பத்துல இருந்து தினமும் சூரியனை கண்ணாடித் தகட்டுல படம் பிடிச்ச இடம். எவர்ஷெட்னு ஒரு விஞ்ஞானி 1909ல சூரியப் புள்ளில வாயு வெளிப்பக்கம் ஓடுறதைக் கண்டுபிடிச்சது இங்க தான். ரெண்டாம் யுத்த சமயத்துல டைரக்டர் ஏ.எல். நாராயண், 1937ல இருந்து 46 வரைக்கும் இருந்தவர்.

சூரியனுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. 1942 பிப்ரவரி. ஜெர்மன் போர்க்கப்பல் ரெண்டு பெருசு, ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனௌ, இங்கிலிஷ் கால்வாய்க்குள்ள பட்டப்பகல்ல பிரிட்டிஷ்காரன் மூக்குக்கு முன்னாடி தப்பிச்சுப் போகுது, ரேடாரை ஜாம் பண்ணிட்டு, அதாவது இரைச்சல் அலை விட்டு குருடாக்கிட்டுப் போகுது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வயித்தக் கலக்கிருச்சு. ஜாமிங்கை ஆராய ஜே.எஸ். ஹேன்னு ஒருத்தரைப் போடுறாங்க. அதே மாசக் கடைசில கடற்கரை ஓரமா இருந்த விமான எதிர்ப்பு ரேடாரெல்லாம் ஒரே இரைச்சல், போச்சுடா எதிரி புது ஜாமர் கொண்டாந்துட்டான்னு ரிப்போர்ட்டா குவியுது. ஹே வந்த ரிப்போர்ட்டை எல்லாம் உக்காந்து பார்த்தார். எல்லா ரேடாரும் இரைச்சல் வர்ற திசைன்னு சொன்னது சூரியனை, நேரம் ஆக ஆக அந்த திசையும் சூரியன் கூடவே நகருது. உடனே கிரீனிச் வானாய்வகத்துல விசாரிச்சார், ஆமா சூரியனுக்கு நடுவுல இப்ப ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் இருக்குன்னு சொன்னாங்க. சூரியன் ரேடியோ அலை விடுதுன்னு தெரிஞ்சது இப்படி. தொலைநோக்கி இல்ல ஒண்ணும் இல்ல, புகார்க் கடுதாசிய ஒழுங்கா வாசிச்சதுல.

அதை வெளிய சொல்ல முடியாது, ரேடார் ரகசியம். நேச்சர் பத்திரிகைல வந்தது 1946ல. இதுல கூத்து என்னன்னா அதே 1942ல அமெரிக்கால பெல் லேப்ல சவுத்வொர்த்னு ஒருத்தர் மைக்ரோவேவ்ல சூரியனைப் பிடிச்சுட்டார், அவரும் வாயைத் திறக்க முடியாது, 1945ல தான் வெளிய வந்தது. சமாதான காலமா இருந்தா ரெண்டு பேரும் ரீபிரிண்ட் மாத்திக்கிட்டு இருந்திருப்பாங்க.

உங்க ஸ்டாலுக்கு ஐடியா: கொடைக்கானல் பழைய தகடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டல் ஆக்கி நெட்ல போட்டிருக்காங்க. 1942 பிப்ரவரி கடைசி வாரத்துக்குப் படம் இருக்கான்னு தேடிப் பாருங்க, வானம் தெளிவா இருந்திருந்தா அந்தப் புள்ளிக் கூட்டம் நம்ம மலை மேல இருந்தும் தெரிஞ்சிருக்கணும். கிடைச்சா பெருசா பிரிண்ட் போட்டு மாட்டுங்க. பிளஸ் டூ பசங்களுக்கு ஒரு நாள் டூர் போட்டுறலாம், வத்தலக்குண்டு வழியா ஏறுனா மத்தியானத்துக்குள்ள போயிறலாம்.

—

சிவகங்கைச்சீமை:

கொடைரோடு அண்ணே சூப்பர். நான் ரெண்டு மூணு விஷயம் சேர்க்கிறேன், ஒழுங்கா கோர்வையா வராது.

ஒண்ணு எஸ். சந்திரசேகர், நட்சத்திரங்களை ஆராய்ஞ்ச விஞ்ஞானி. நம்ம சந்திரா. யுத்த சமயத்துல விஸ்கான்சின்ல யெர்க்ஸ் வானாய்வகம், 1943ல இருந்து மேரிலாண்டுல அபர்டீன் ராணுவ சோதனை மையம், மூணு வாரம் இங்க மூணு வாரம் அங்கன்னு மாறி மாறி. அங்க அதிர்வலை, குண்டு வெடிச்சா காத்து எப்படி அழுத்துதுன்னு கணக்கு. இங்க வந்தா நட்சத்திரம், ஸ்டூடண்ட்ஸ். அதே 1943ல தான் ஸ்டோகாஸ்டிக் பிராப்ளம்ஸ் (தற்செயலா நடக்கிற அசைவுகளோட கணக்கு) பத்தி அந்தப் பெரிய கட்டுரை ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் பிசிக்ஸ்ல வந்தது, இன்னைக்கும் ஆளுங்க மேற்கோள் காட்டுறாங்க. 1936ல ஊருக்கு வந்து கல்யாணம் முடிச்சுட்டுப் போனவர், அடுத்து இந்தியாவுக்கு வந்தது 1951ல. நடுவுல எல்லாம் லெட்டர் தான்.

ரெண்டு, அணு விஞ்ஞானி ஹோமி பாபா. 1939ல லீவுக்கு இந்தியா வந்தவர், சண்டை ஆரம்பிச்சதும் கேம்பிரிட்ஜ் திரும்ப முடியலை, பெங்களூர்ல ராமன் இருந்த ஐ.ஐ.எஸ்.சி.லயே உக்காந்துட்டார். 1944 மார்ச் 12ஆம் தேதி டாட்டா டிரஸ்ட்டுக்கு, சர் சோராப் சக்லத்வாலாவுக்கு ஒரு லெட்டர் எழுதுறார், ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு வேணும்னு. அதுல ஒரு இடத்துல, இன்னும் ஒரு இருபது வருஷம் கழிச்சு அணுசக்தில கரண்ட் எடுக்கிற காலம் வந்தா அப்ப இந்தியா நிபுணர்களுக்கு வெளிநாட்டைப் பார்த்து நிக்க வேண்டாம், இங்கயே தயாரா இருப்பாங்கன்னு வருது. ஹிரோஷிமாவுக்கு ஒண்ணரை வருஷம் முன்னாடி! குண்டுன்னு ஒண்ணு இருக்குன்னே உலகத்துக்குத் தெரியாத நேரம். அடுத்த வருஷமே டாட்டா இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சாச்சு. நீங்க சொன்ன "கிராண்ட் பணம் பத்தி ஒண்ணு" வகையறா தான் டீச்சர் இதுவும், பணம் கேட்டு எழுதுன லெட்டர்.

மூணு முதல் உலகப்போர், ஆனா விட மனசில்ல. ராமானுஜன் 1914 ஏப்ரல்ல இங்கிலாந்து போய் இறங்குறார், ஆகஸ்ட்ல சண்டை. செப்டம்பர்ல அம்மாவுக்கு எழுதுறார், இந்த நாட்டுல சண்டை இல்ல, பக்கத்து நாட்டுல தான், அது இங்க இருந்து எவ்வளவு தூரம்னா நம்ம ஊர்ல இருந்து ரங்கூன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்னு. அம்மா பயப்படக்கூடாதுன்னு கும்பகோணத்துக்காரங்களுக்குப் புரியிற அளவுகோலை எடுத்திருக்கார். எங்க சிவகங்கை, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அந்த அளவுகோல் 1942ல தலைகீழாப் போச்சு. மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் விழுந்துச்சு, பர்மால இருந்து வந்துக்கிட்டிருந்த கடுதாசியும் மணியார்டரும் நின்னு போச்சு, நடந்தே வந்து சேர்ந்தவங்க வந்தாங்க, வராதவங்க வரலை. எங்க அப்பத்தா போஸ்ட்மேனைப் பத்திப் பேசுனா இன்னமும் அந்த வருஷத்துல தான் வந்து நிக்கும். அடுத்த மாசமே கொழும்புல குண்டு, விசாகப்பட்டினம் காக்கிநாடால குண்டு, மெட்ராஸைக் காலி பண்ணி ஆளுங்க ரயிலேறி வர்றாங்க. அதனால சண்டை எங்க நடக்குதுன்னே தெரியலைன்னு கேட்டீங்களே, பாலிங்கோட தபால் ஒழுங்கா வந்து போச்சு பாருங்க, அதுவே ஒரு சேதி. அவர் ஊர் மேல குண்டு விழலை.

—

நத்தம்ரோடு_நக்கல்:

சீமை அக்கா, கடைசி வரி நல்லா இருந்துச்சு, நக்கல் இல்ல.

ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு, அதை ஸ்டால்ல எவனாவது ஒரு பையன் கேப்பான், டீச்சர் ரெடியா இருக்கணும். இந்த பாலிங் சமாதான நோபல் வாங்குனவர். யுத்தத்துல வெடிமருந்து, ராக்கெட் எரிபொருள் ஆராய்ச்சியும் பார்த்திருக்கார், 1948ல அதுக்கெல்லாம் சேர்த்து பிரசிடெண்ட்டோட மெடல் வாங்குறார். அப்ப இவர் யாரு? லாஸ் அலமோஸ் போகலைங்கிறதை வச்சு மகான் ஆக்கிறக்கூடாது, அவர் அணுகுண்டு தப்புன்னு அப்ப போகாம இருக்கலை, இங்க கையில வேலை நெறைய, ஊரை விட்டுப் போக மனசில்ல, அவ்வளவு தான்.

—

செல்லூர்_ரசாயனம்:

நியாயமான கேள்வி. மகான் ஆக்க வேணாம், ஹிட்லர் ஜெயிச்சுரக்கூடாதுன்னு மனசார நம்பி வேலை பார்த்த ஆளு அவர். திருப்பம் கொஞ்சம் கொஞ்சமா வருது. 1945 மார்ச்ல ஒண்ணு நடந்துச்சு, யுத்தத்துக்காக அமெரிக்க அரசு வச்ச தடுப்பு முகாம்ல அடைபட்டுக் கிடந்து வெளிய வந்த ஒரு ஜப்பானிய அமெரிக்கரை இவங்க வீட்டுல தோட்ட வேலைக்கு வச்சாங்க, ராத்திரியோட ராத்திரியா எவனோ வந்து கராஜ் கதவுல ஜப்பான்காரனை நேசிக்கிறவங்கன்னு கேவலமா பெயிண்ட்ல எழுதிட்டுப் போயிட்டான். இத்தனைக்கும் அவங்க பெரிய மகன் அப்ப அமெரிக்க ராணுவத்துல. அடுத்து ஆகஸ்ட், ஹிரோஷிமா. அதுக்கப்புறம் ஊர் ஊரா அணுகுண்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சார், அவர் மனைவி ஏவா ஹெலன் தள்ளி விட்டதுன்னும் சொல்லணும். 1952ல பாஸ்போர்ட்டே குடுக்க மாட்டேன்னுட்டாங்க.

அப்புறம் தாத்தா சொன்ன தபால் வித்தை எங்க வந்து உதவுதுன்னு பாருங்க. அணுகுண்டு சோதனைய நிறுத்தச் சொல்லி விஞ்ஞானிகள் கையெழுத்து வாங்குறாங்க, எப்படி, புருஷன் பொண்டாட்டி தெரிஞ்ச ஆளுங்க கொஞ்சம் பேரும் உக்காந்து உலகம் பூரா லெட்டர் போட்டு. 1958 ஜனவரில ஐ.நா. சபைல குடுக்கிறப்பவே ஒம்பதாயிரத்துக்கு மேல, கடைசில 11,021 கையெழுத்து. இவ்வளவு பேர் விலாசம், யார் யாருக்குத் தெரிஞ்சவர், யார் கிட்ட கேட்டா ஊர்ல நாலு பேரைப் பிடிச்சுக் குடுப்பார், எல்லாம் ரீபிரிண்ட் அனுப்பி, லெக்சருக்கு வர முடியாதுன்னு மரியாதையா பதில் எழுதி, பல வருஷமா சேர்ந்த பழக்கம். 1960ல அமெரிக்க செனட் கமிட்டி கூப்பிட்டு உக்கார வச்சு, கையெழுத்து வாங்கிக் குடுத்தவங்க யார் யாருன்னு லிஸ்ட் குடுன்னு கேட்டுச்சு. கையெழுத்துப் போட்டவங்க பேரு ஏற்கனவே ஊருக்கே தெரியும், அதைப் பத்திப் பிரச்சனை இல்ல. லெட்டர் போட்டு வாங்கிக் குடுத்தவங்க பேரை மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டார், சொன்னா அவங்க வேலைக்கு ஆபத்து. ஜெயிலுக்கே போக வேண்டி வரலாம்னு தெரிஞ்சு தான்.

—

தன்பதிவேடு_தாத்தா:

அனுப்புகை பதிவேட்டைத் தான் கேட்டிருக்கான் கமிட்டிக்காரன். விவரமான ஆளு.

—

வைகைக்கரை_கயல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கலை. இப்போதைக்கு என் பிளான்: நடுவுல டம்பெல் மாடல், கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் உருண்டை வச்சு லேசர் பாயிண்டர் வெளிச்சம் நகர்றதை மட்டும் காட்டுறது (நிஜமா ஆக்சிஜன் அளக்காது, சும்மா முறுக்கினா எப்படி நகருதுன்னு). ஒரு பக்கம் கொடைக்கானல் படம், கிடைச்சா. இன்னொரு பக்கம் பாபா, ராமானுஜன், ரங்கூன் தபால் நின்னது. அப்புறம் வர்றவங்க கையில ஒரு டிராஃப்ட் போர்டு ஃபாரம் குடுத்து, என்ன வேலைன்னு சொல்லாம உங்க அசிஸ்டண்ட்டை காப்பாத்தி எழுதுங்கன்னு சவால். நல்லா எழுதுறவங்களுக்கு பால்பன்.

ஒரு டவுட். டைப் அடிச்சு கார்பன் காப்பி எடுத்து காட்டணும்னு ஆசை, பசங்க கார்பன் பேப்பரையே பார்த்ததில்ல. டைப்ரைட்டர் எங்க கிடைக்கும்?

—

தன்பதிவேடு_தாத்தா:

ஏம்மா, நம்ம ஊர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கா பஞ்சம், லோயர் ஹையர்னு இன்னமும் பிள்ளைக காலைல ஆறு மணிக்கு வந்து தட்டிக்கிட்டு இருக்குதுக. எங்க தெருவுலயே ஒண்ணு இருக்கு, மாஸ்டர் எனக்குப் பழக்கம், ரெண்டு நாளைக்கு ஒரு பழைய மெஷினைத் தரச் சொல்றேன். ஆட்டோல கொண்டு போறப்ப கேரேஜை (தாளோட நகர்ற மேல் பாகம்) கயிறு போட்டுக் கட்டணும், இல்லைன்னா ஆடி ஆடி கழண்டுக்கும். கார்பன் தாள் புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுன கடைகள்ல விசாரி, அங்க இல்லைன்னா அந்த இன்ஸ்டிடியூட்லயே நாலு தாள் வாங்கித் தர்றேன். மை பக்கம் கீழ பார்த்து வைக்கச் சொல்லு, பசங்க மாத்தி வச்சு முதல் தாளோட முதுகுல அடிச்சு வச்சிருவாய்ங்க.

—

நத்தம்ரோடு_நக்கல்:

பால்பன் எத்தனை மணிக்கு குடுப்பீங்க டீச்சர்?